வாளித் தகரமும் தாலி ஊக்கும்

காணையில் தேவநாதனின் கிணற்றுக்குள் புதைந்துபோன அந்தோணி பிரபு விட்ட மூச்சு, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முண்டியம்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றிருந்தவர்களின் வேட்டியைத் தூக்கியது. கடற்காற்று திரும்பிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை, அந்த நேரத்துக்குக் கடற்காற்று வருவது வழக்கம்தான். ஆனால் கடற்காற்று ஒரு பக்கமாக வீசும். இது ஒரு தரம் கிழக்கே போனது, மறு தரம் மேற்கே வந்தது.

பிரபு திண்டிவனத்தில் மைக் செட் வைத்திருக்கிறவன். அவன் மனைவி வெனிலா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, கல்யாணத்துக்காகப் பாதியில் விட்டவள். கொரோனா வருஷத்தில் விசேஷமும் இல்லை, சாவுக்குக்கூட மைக் கட்ட ஆள் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் மூடிக் கிடந்தன. கை சும்மா இருக்கமாட்டாதவள் என்ன செய்வாள்? போனில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து, சத்தத்தைப் பெருக்குகிற டிரான்சிஸ்டரைத் தானே செய்ய உட்கார்ந்தாள். ஓட்டைத் தகர வாளியின் அடியை வெட்டினாள். அடுப்பில் காய்ச்சி, மேலிருந்த துத்தநாகப் பூச்சு சூட்டில் மஞ்சளாகி ஆறும்போது வெளுத்ததும், அதன்மேல் ஓர் ஊக்கின் முனையை வைத்து பேட்டரி கொடுத்தாள். முனை சரியான இடத்தில் உட்கார்ந்தால் சின்னது பெரிதாகும், மயிரிழை தள்ளினால் ஒன்றும் ஆகாது. “வாளி போச்சு, டிரான்சிஸ்டர் வந்துச்சா? இன்னாடி கூத்து இது!” என்று பிரபு சிரித்தான். மறுநாள் சர்க்கரை டப்பாவில் எறும்பு நடந்தது தெருக்கோடி வரை கேட்டது. ஒருமுறை வயர் நழுவிக் கேப்பைக் கூழில் விழ, கூழ் பானையை மீறிப் பொங்கி வாசலைத் தாண்டியது. இந்தத் தகரம் சத்தத்தை மட்டும் பெருக்குவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெருவே குடித்தது. உப்பு கொஞ்சம் குறைவு என்றார்கள். அப்புறம் விசேஷங்கள் திரும்பி வர, கடை ஆம்ப்ளிஃபயர்கள் ஓட, தகரம் மூலைக்குப் போனது.

மைக் செட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக்கு டம்மு, அதாவது நெஞ்சில் இடிக்கிற அடிச்சத்தம், பத்தவில்லையென்றால் ஸ்பீக்கர் பாக்ஸைப் பானை வாயில் கவிழ்ப்பார்கள். வறண்ட கிணறு கிடைத்துவிட்டால் கொண்டாட்டம்தான், கயிற்றில் கட்டி உள்ளேயே இறக்கிவிடுவார்கள், கிணறு அடிவயிற்றிலிருந்து பாடும். காணையில் தேவநாதன் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார், மைக் கட்டப் பிரபுவும் வெனிலாவும் போயிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கரும்பை ஒட்டி அவர் புதிதாக வெட்டிய கிணறு இருந்தது. தண்ணீரும் வரவில்லை, சுற்றிக் கல்லும் கட்டவில்லை. “கல்லு கட்டாத கெணறுங்க, வெறும் மண்ணா நிக்குது. வேணாம்” என்று வெனிலா சொன்னாள். “சனம் வந்துக்கினு இருக்குது. டம்மு இல்லாம போட்டா நம்ம பேரு இன்னாவறது? நீ செத்த சும்மா இரு” என்றான் பிரபு. முதல் பாட்டு நன்றாகத்தான் போனது. இரண்டாவது பாட்டின் அதிர்வில் பாக்ஸ் சாய்ந்துவிட, அதை நிமிர்த்த அவன் உள்ளே இறங்கினான். பாட்டை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கலாம். நிறுத்தினால் சனம் கூச்சல் போடுமே என்று ஓடவிட்டே இறங்கினான். மைக் செட்காரனைத் தவிர வேறு எந்தக் கிறுக்கனும் இதைச் செய்யமாட்டான். டம்மு தாங்காமல் மேற்குப் பக்கச் சுவர் அப்படியே சரிந்து அவன்மேல் விழுந்தது. ஆம்ப்ளிஃபயர் புகைந்து அடங்கியது. அதற்கப்புறம் கேட்டது வெனிலாவின் அலறல் மட்டும்தான்.

தீயணைப்பு வண்டி வந்தது, ஜேசிபி வந்தது, அதிகாரி ஒருவர் வந்தார். அவர் ஈரமில்லாத மனிதர் இல்லை. உள்ளே உயிர் இருந்தால் கையால்தான் தோண்டவேண்டும், ஜேசிபி கிட்டே போனால் மிச்சச் சுவரும் அவன் தலையில் விழும் என்றார். உயிர் இல்லையென்றால் கையால் தோண்ட ஒருவரையும் இறக்கமாட்டேன், இறங்குகிறவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு என்றார். இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. உயிர் இருக்கிறதா என்பதுதான் தெரியவேண்டும். எல்லோரும் குரல் கொடுத்துப் பார்த்தார்கள், பதில் இல்லை. ஆனால் ஸ்பீக்கர் வயர் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. பாடுகிற ஸ்பீக்கர் கேட்கவும் செய்யும் என்பது வெனிலாவுக்குத் தெரியும். வயரில் வருவதைப் பெருக்கிவிட்டால் போதும். விழுப்புரத்திலிருந்து வேறு ஆம்ப்ளிஃபயர்கள் வந்தன. வயர் மண்ணுக்குள் எங்கேயோ நசுங்கியிருந்ததால் ஒவ்வொன்றும் மாட்டிய உடனே புகைந்தது. ஜேசிபி ஓட்டுகிற செல்வகுமார் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அதிகாரியின் முகத்தைப் பார்த்தான்.

“ஒரு தகர வாளி குடுங்க, ஜல்தி!” என்றாள் வெனிலா. தேவநாதனின் மனைவி சின்னபொண்ணு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வாளியைக் கவிழ்த்துக் கொடுத்தார். பந்திக்குச் சாம்பார் வைத்த கோட்டையடுப்பிலேயே தகரம் வெந்தது. ஊக்குக்குப் பஞ்சமில்லை, வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தாலிக் கயிற்றில் கோர்த்திருந்ததைக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தார்கள். எந்த ஊக்கை வைத்தும் தகரம் பேசவில்லை. கடைசியில் தன் தாலிச் செயினில், புறா போட்ட தாலிக்குப் பக்கத்தில் கிடந்த ஊக்கை எடுத்து வைத்தாள். உட்கார்ந்துவிட்டது. பந்தல் முகப்பில் கட்டியிருந்த புனல் குழாய் ஸ்பீக்கரிலிருந்து மூச்சு வந்தது. சத்தமாக மட்டும் வரவில்லை, காற்றாகவே வந்தது. பந்தல் துணி உப்பி அடங்கியது. கரும்பு மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்து இந்தப் பக்கம் நிமிர்ந்தது. “மாதாவே, இருக்காரு!” என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி மண்வெட்டிக்காரர்களை இறங்கச் சொன்னார்.

கையால் தோண்டுவது கையால் தோண்டுகிற வேகத்தில்தான் நடக்கும். மதியம் தாண்டியதும் மூச்சு இளைக்க ஆரம்பித்தது. கரும்பின் தோகை மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் நின்று நின்று அசைந்தது. உள்ளே காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வெனிலா தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயிருந்து வருவதைப் பெருக்குகிற தகரம், திருப்பி வைத்தால் இங்கேயிருந்து போவதையும் பெருக்கும். அவள் ஊதினால் அவனுக்குக் காற்று போகும். ஆனால் பேசுகிற ஊக்கு ஒன்றே ஒன்றுதான். திருப்பிவிட்டால் அவன் மூச்சு கேட்காது. இருக்கிறானா போய்விட்டானா என்று தெரியாமலே ஊதவேண்டும். கேட்டுக்கொண்டே சாகவிடுவதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சின்னபொண்ணைக் கிட்டே கூப்பிட்டு, “நான் இப்ப வாயத் தொறக்க முடியாதுக்கா. யாரு இன்னா சொன்னாலும் ஜேசிபிய கிட்ட விட்றாதீங்க” என்றாள். ஊக்கைத் திருப்பினாள், இடம் தேடிக் குத்தினாள், குழாயைக் கழற்றி மடியில் வைத்து அதன் வாயில் முகத்தைப் புதைத்து ஊதத் தொடங்கினாள்.

கரும்பு அசைவு நின்றது. அதிகாரி நெடுநேரம் காத்திருந்தார், அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. கிழக்குப் பக்கச் சுவரில் விரிசல் விட்டதும் மண்வெட்டிக்காரர்களை மேலே வரச் சொன்னார். “சத்தம் நின்னு எவ்ளோ நேரம் ஆச்சும்மா. மனசத் தேத்திக்கோ” என்றார். வெனிலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் வழிந்தது. பதில் சொல்ல வாயை எடுத்தால் ஒரு மூச்சு போய்விடும். இழுத்தாள், ஊதினாள். ஜேசிபி உறுமியது. சின்னபொண்ணு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஜேசிபியின் இரும்புப் பக்கெட்டுக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “இப்ப தூக்குடா பாக்கலாம்! எம்மூட்டு விசேஷத்துக்கு வந்தவன் எங்கெணத்துல கெடக்கறான். அந்தப் பொண்ணு இன்னா பைத்தியமா, சும்மா ஊதிக்கினு இருக்க?” செல்வகுமார் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். தேவநாதன் யாரையும் கேட்காமல் மண்வெட்டியோடு இறங்கினார். அவர் இறங்கியதைப் பார்த்து மற்றவர்களும் மறுபடி இறங்கினார்கள். விரிசலுக்குப் பந்தல் கம்புகளைப் பிடுங்கி முட்டுக் கொடுத்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் பாக்ஸின் மூலை தெரிந்தது. மண்ணைத் தள்ளியதும் உள்ளேயிருந்து அடித்த காற்றில் தேவநாதனின் தலைத்துண்டு பறந்து கிணற்றுக்கு மேலே போய்விட்டது. பாக்ஸ் சரிந்து மண்ணைத் தாங்கியிருந்த சின்ன இடுக்கில், ஸ்பீக்கரில் வாயை வைத்தபடி பிரபு கிடந்தான். கண் திறந்திருந்தது. தூக்கி வந்து கட்டிலில் போட்டு, இருக்கான், இருக்கான் என்று எல்லோரும் கத்தினார்கள். வெனிலா நம்பவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதிக்கொண்டேயிருந்தாள். பிரபுவே எழுந்து தள்ளாடிப் போய் அவள் தலையில் கை வைத்து, “போதும் வெனி. வந்துட்டேன்” என்றான். அவள் குழாயிலிருந்து வாயை எடுத்தாள். எடுத்ததும் திகைப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் நெஞ்சும் நின்றது, உதடு நீலமானது. அவள் பதறிப்போய் மூச்சிழுத்தாள். அவன் நெஞ்சும் ஏறியது.

அன்றிலிருந்து அப்படித்தான். டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, சத்தான சாப்பாடு கொடுங்கள் என்றார்கள். வெனிலா திண்டிவனத்தில் மாவு ஆட்டினால் விழுப்புரத்தில் வயர் இழுக்கும் பிரபுவுக்கு இரைக்கிறது. அவள் அழுதால் இவனுக்கு விக்கல் வருகிறது, அதனால் சண்டையை வளர்ப்பதில்லை. அவளுக்குச் சளி பிடிக்காமல் அவன் சுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறான். பாதிரியார் இதை ஒரு தரம் பிரசங்கத்தில் சொன்னார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார். போன தேர்த் திருவிழாவுக்குப் பந்தல் போட வந்த ராஜாமணிதான் வாய் சும்மா இருக்காமல் கேட்டார்: “ஏம்பா பிரபு, அந்தம்மா முன்னாடி போய்ட்டா நீ இன்னா பண்ணுவ?”

“அவ நிறுத்துற அன்னிக்கி நானும் நிறுத்திக்கினு கூடவே போறேன். அதுல உனக்கு இன்னாண்ணே பேஜாரு?” என்றான் பிரபு. சொல்லிவிட்டுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் மணிக்கூண்டின் படியில் கால் வைத்தான். உச்சிவரை செங்குத்தான படி. கீழே வயர் சுற்றிக்கொண்டிருந்த வெனிலா வேலையை அப்படியே வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிது பெரிதாக மூச்சு இழுத்து விட ஆரம்பித்தாள்.