வைக்காத நேர்த்தி

மூலையிலிருந்த டெப்பனர் கடையில் தானே வாங்கிவந்த பாண் பழையதாக இருந்ததற்கு என் கணவர் அல்பேட் என்னைத் திட்டினார். "மாத்திக்கொண்டு வாறன்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். கியூபெக்கின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மாடிவீட்டுக்குப் படிக்கட்டு வெளியேதான். அதன் பாதியில் அவருடைய இதயம் நின்றது. இரண்டாயிரத்து நாலு, செப்டெம்பர். எனக்கு நாற்பத்தேழு வயது.

அதன்பிறகு மாலைதோறும் எங்கள் கோயில் பங்குச்சனம் செபமாலை சொல்ல வந்தது. சொல்லி முடித்ததும் நகருக்கு வெளியே லவாலில் யார் எவ்வளவு பெரிய வீடு வாங்கினார்கள் என்று கதைத்தது. தேத்தண்ணி ஊற்றுவது நான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ரோல்ஸ் ஆறிப்போய்விட்டதென்றும் சொன்னார்கள். பிறகு அவர்கள் வருகிற நேரம் பார்த்து ஜாரி பூங்காவுக்கு நடக்கப் போனேன். ஒருநாள் அல்பேட்டின் தமக்கை சிசிலி மச்சாளின் கார் பூங்கா ஓரமாக ஊர்ந்து வந்தது. பிடிபடாமலிருக்க ஓடினேன். கார் போன பின்பும் நான் நிற்கவில்லை.

நான் வேலைசெய்த தையல் தொழிற்சாலையில் கத்தரின் என்ற கியூபெக்காரி இருந்தாள். மரதனைவிட நீளமான ஓட்டங்கள் உண்டென்று அவள்தான் சொன்னாள். காடு, மலையென்று பகல் முழுக்க ஓடுவது. நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். அவளோடு ஓடுபவர்கள் ஓட்டத்தில் தங்களைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். கண்டுபிடிக்க அங்கே அதிகம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பிடித்தது நாலாம் மணித்தியாலம். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

துக்க வருடம் முடியாத விதவை காற்சட்டையோடு ஓடுகிறாள் என்பதைப் பங்கு தாங்குமா? அவர்களே ஒரு காரணம் கண்டார்கள். அல்பேட்டின் ஆத்துமத்துக்காக நான் நேர்த்திக்கடன் வைத்திருக்கிறேனாம். சூசையப்பர் கோயில் படிகளில் முழங்காலால் ஏறுகிறார்களே, அதுபோல. ஒரே கிழமையில் நான் புண்ணியவதி ஆனேன். மச்சாள் வாழைப்பழம் அனுப்பினா. பங்குச்சபைச் செயலாளர் றெனோல்ட் கோயில் வாசலில் மறித்தான்.

"அக்கா, என்ர மகளின்ர கலியாணத்தையும் அந்த நேர்த்தியோட சேர்த்துவிடுங்கோவன்."

"அதுக்கு நீரும் ஓடலாமே, றெனோல்ட்."

"எனக்கு முழங்கால் வருத்தம், அக்கா. நீங்கள் எப்பிடியும் ஓடுறனீங்கள்தானே."

அடுத்த செப்டெம்பரில் லோறன்ஷியன் மலைக்காட்டில் எண்பது கிலோமீற்றர் ஓட்டம். அது சனிக்கிழமை; அல்பேட்டின் ஆண்டுப்பூசை மறுநாள். முந்திய ஞாயிறு, பூசை முடிவில், ஃபாதர் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். நேர்த்தியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டுமாம். றெனோல்ட் வீடியோ எடுத்தான். தலையாட்டியிருந்தால் சாகும்வரை என்னை ஓடவிட்டிருப்பார்கள், ஒவ்வொரு அடியையும் தங்கள் மன்றாட்டுக்கென்று பறித்துக்கொண்டு.

"நான் நேர்த்தி ஒண்டும் வைக்கேல்லை, ஃபாதர். எனக்கு ஓட விருப்பம். அதுதான் ஓடுறன்."

வாசலில் மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தா.

"என்ர தம்பி செத்து வருசம் திரும்பேல்லை, உனக்கு விருப்பம் கேக்குதோ? சனிக்கிழமை நீ அங்க போ பாப்பம். ஞாயிறு எங்கட ஆக்கள் ஒருத்தரும் பூசைக்கு வரமாட்டினம். தனிய இருந்து செபி."

"வராட்டி ரோல்ஸ் மிச்சம், மச்சாள்."

வாய் அப்படிச் சொன்னது. அல்பேட்டுக்கோ கூட்டம் பிடிக்கும். எந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்தாலும் எத்தனை கார் நின்றதென்றுதான் முதலில் சொல்வார். அவருடைய பூசைக்கு ஆளில்லாமற் போவது மட்டுமே என்னை அந்தக் கிழமை முழுக்க உறுத்தியது. போகாமல் விடலாமா என்று இரண்டு தரம் யோசித்தேன். அவர்களுக்கு முன்னால் பொய்யாக முழங்காலிடுவதை நினைத்ததும் பையைக் கட்டினேன்.

காட்டில் மழை. இரண்டு இடத்தில் மரத்தைப் பிடித்துக் குனிந்து சத்தியெடுத்தேன். கடைசி ஏற்றத்தில் அல்பேட்டுக்காக வாய்விட்டு அழுதேன். நடுவில் எழும்பி ஒருவருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டியிருக்கவில்லை. இருட்ட முன்பு முடித்தேன்.

மறுநாள் சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. செருப்போடு கோயிலுக்குப் போனேன். மச்சாள் சொல்லைக் காப்பாற்றியிருந்தா. எங்கள் ஆட்கள் வழமையாக இருக்கும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. கத்தரின் மட்டும் வந்து என் பக்கத்தில் இருந்தாள். ஃபாதரையும் நேரத்துக்குக் காணவில்லை. எல்லா ஞாயிறும்போலப் பூசை அன்றும் பிந்தித்தான் தொடங்கியது.