குப்பை லாரியை முந்தியவள்

1

இந்தத் தீவிலேயே குப்பை லாரியை ஓட்டத்தில் தோற்கடித்த ஒரே பெண் என் மனைவி சாய்-யுன். அறுபத்தொன்பது வயது, எண்பத்தாறு கிலோ, காலில் ரப்பர் செருப்பு. அவமானம் தாங்காமல் ஓட்டுநர் மறுநாளே வேலையை விட்டதாகக் கேள்வி.

[பொய்.]

சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது அவள். நான் எழுத எழுத, சிவப்புப் பேனாவோடு பின்னால் நிற்கிறாள். அவள் நம்ப மறுத்ததால்தான் இந்தக் கதையே பிறந்தது.

2

வேறு தொடக்கம்: கீலுங் நகரில் அன்று மழை பெய்துகொ...

வேண்டாம். கீலுங்கில் என்றைக்குப் பெய்யவில்லை?

எங்களுக்கு நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியால் அவள் ஏழு மாதமாகக் கீழே இறங்கவில்லை. "புது வருஷத்துக்குள்ள அம்மா படி ஏறி இறங்கலேன்னா வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடுங்கப்பா" என்றான் மகன். முப்பத்தெட்டு வருட வீடு! அன்றே ஆன்லைன் எடைக்குறைப்பு வகுப்பில் சேர்ந்தாள். கைபேசி அவள் நடக்கும் அடிகளை எண்ணி, பயிற்சியாளர் பெய்-ஷானுக்கு அனுப்பும்.

3

முதல் வாரம் நாளுக்கு நானூறு அடி. நான்காம் வாரம் ஆறாயிரம்!

"அசத்துறீங்க ஆன்ட்டி! எடை மட்டும் ஏன் அசைய மாட்டேங்குது?"

எப்படி அசையும்? மீன் வாங்க, சீட்டாட, குப்பை போட என்று நான் எங்கே போனாலும் அவள் கைபேசி என் சட்டைப்பையில். இளைத்தது நான்.

[இது உண்மை.]

4

(இந்தக் கணவன் பாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கையில்லை.) ஐந்தாம் வாரம் அவனுக்கு, அதாவது எனக்கு, கணுக்கால் சுளுக்கியது. மூன்று நாள் மீன் கழிவு சமையலறையில் நாறியது. எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைக்கக்கூடாது. பியானோ இசையோடு லாரி வரும்போது நாமே கொண்டுபோய் எறியவேண்டும். யாருக்காகவும் காத்திருக்காது.

மூன்றாம் மாலை இசை கேட்டது.

"சுளுக்காம் சுளுக்கு! கிழக்குரங்கே, நகரு!"

ஒரு கையில் குப்பைப் பை, மறுகையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து, நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினாள். நான் ஜன்னலில். அவள் வாசலுக்கு வரவும் லாரி கிளம்பவும் சரியாக இருந்தது. அப்போதுதான் ஓடினாள்.

[ஓடற காலா இது? வேகமா நடந்தேன்.]

5

முடிவு ஒன்று: பத்து கிலோ குறைந்தாள். (நானூறு கிராம்.)

முடிவு இரண்டு: வீட்டை விற்றோம்.

இப்போது கைபேசி அவள் பையில்தான். நாளுக்கு ஆயிரத்து நூறு அடி, எல்லாம் அவளுடையது. ஞாயிறன்று மகன் வருகிறான். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாசகரே. சுளுக்கு நிஜமா என்று மட்டும் கேட்கா...

[பேனாவைக் குடுய்யா. அவன் வந்தா இதைப் படிக்கட்டும்: ஓடினேன். பதினோரு அடி. பையை லாரியில எறிஞ்சேன். அப்புறம் நாலு மாடியும் ஏறி வந்தேன், ஒன்பது தடவை நின்னு. வீடு விக்கறதா இல்ல.]