மடையடியில் ஒரு உத்தரவு

...அந்த வசனத்தைப் படிக்காதது போல இருந்துவிடலாம்தான், யார் பார்க்கப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்க்கால் கரையில் கொக்குகளையும் அம்சத்தையும் தவிர யாருமில்லை. பத்து மணிவரை அவள் முறை. வாய்க்காலைச் சேற்றால் அடைத்துத் தண்ணீர் முழுதையும் தன் வயலுக்குத் திருப்பியிருந்தாள், இன்னும் பாதி வயல் நனையவேண்டும், பத்துக்கு மேல் ஆற்றிலேயே அடைத்துவிடுவார்கள், ஆறு நாளைக்குச் சொட்டு வராது. கடைமடையில் புகழேந்தி நட்ட பயிர் வெடித்த மண்ணில் வெளுத்துக்கொண்டிருந்தது... வெளுக்கட்டும். போன தையில் வரப்பை வெட்டித் தன் மேட்டு வயல் தண்ணீரை, அறுப்புக்கு நின்ற அவள் கதிருக்குள் வடியவிட்டவன் அவன்தானே, சாய்ந்த நெல்லெல்லாம் வயலிலேயே முளைத்ததே, மறக்க முடியுமா? இயேசு மறக்கச் சொல்லவில்லை, பகைத்தவனை நேசி, அவனுக்கு நன்மை செய் என்றார். இன்று சர்ச்சில் அந்தப் பகுதியை அவள்தான் வாசிக்கவேண்டும், நேற்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது ‘நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்’ என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று மதகு திறக்கும் லஸ்கரைக் கேட்டால் இன்ஜினியர் சொன்னார் என்பார், இன்ஜினியரைக் கேட்டால் மேலிடத்து உத்தரவு. தீர்க்கதரிசிகள்கூடக் கர்த்தர் சொல்கிறார் என்றுதான் ஆரம்பித்தார்கள். இயேசு மட்டும் யாரையும் கைகாட்டவில்லை. நான் சொல்கிறேன் என்றார். ஒரு தச்சன் அப்படிச் சொன்னால் திமிர்... கடவுளே சொன்னால்? சிறுவயதிலிருந்து நம்புகிறாளே, அவர் கடவுள் என்று. அப்படியானால் இது புத்திமதி இல்லை, மேலே மனுப்போட இடமே இல்லாத உத்தரவு.

மண்வெட்டியை ஓங்கி அடைப்பை வெட்டினாள். தண்ணீர் திமிறிக்கொண்டு கடைமடைப் பக்கம் ஓடியது. புகழேந்தி வரப்பில் விழுந்தடித்து வந்தான். “என்னக்கா, ஒங்க முறைல எனக்குத் தொறந்து விடுறீங்க? மருந்து எதும் கலந்துட்டீங்களா?”

“கலந்தா ஒன்கிட்ட சொல்லிட்டா கலப்பேன்? போய் ஒன் மடையத் தொறடா, வீணாப் போவுது!”

அவன் ஓடினான், நம்பாமல் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே. அம்சத்துக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து பொங்கி வந்தது, ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது, தன் பாதி வயல் காயத்தான் போகிறது, காய்ந்தால் காயட்டும், ராணி மாதிரி கணுக்கால் தண்ணீரில் நின்றாள்... ஆனால் நேசம்? உள்ளே தேடிப் பார்த்தாள். இல்லை. அவன் முதுகைப் பார்க்கப் பார்க்க அதே ஆத்திரம், ஒரு பிடி குறையாமல் அங்கேயே இருந்தது. அப்புறம் எப்படி? அவளைக் கேட்காமல், அவள் கோபத்தைக் கேட்காமல், இந்தக் கை யார் பேச்சைக் கேட்டது... இத்தனை வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்திருந்த கை?