இடது கன்னம்

"வெந்நீர்ல போட்டியா?"

என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தையல்காரர் கொண்டுவந்த துணி முடிச்சு மேசைமேல் அவிழ்ந்து கிடந்தது. அதற்குள் தையல்காரர் மனைவியின் சாயலில் செய்த ஒரு சாண் உயரப் பொம்மை. மஞ்சள் தலைக்கவசம், ஆரஞ்சு மேலங்கி, அதன் குறுக்கே இரண்டு வெள்ளிப் பட்டைகள், கறுப்பு பூட்ஸ் எல்லாம் வாங்கிப்போன அன்று இருந்தபடியே இருந்தன. முகத்தில் மட்டும் இடது கன்னத்திலிருந்து மோவாய் வரை பெயிண்ட் உரிந்து, அடியில் இருந்த வெளிறிய பிளாஸ்டிக் தெரிந்தது. மோவாயில் என் வீட்டுக்காரர் ஊசி முனையால் தொட்டு வைத்திருந்த மச்சத்தையும் காணோம். அந்த மச்சம் இல்லாமல் அது யார் அம்மாவாகவும் இருக்கலாம்.

தையல்காரரின் எட்டு வயது மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். தெருவில் எல்லோருக்கும் அவள் குண்டூசி. கடைத் தரையில் சிந்துகிற குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்குவது அவள் வேலை. அதனால் வந்த பெயர்.

"இல்ல பெரியப்பா."

"சோப்புப் போட்டுத் தேய்ச்சியா?"

"இல்ல."

"சும்மா சொல்லும்மா, பெரியப்பா திட்ட மாட்டேன். தானா எப்படி உரியும்? முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிச்சவன் நான். மழையில நின்னிருக்கு, வெயில்ல நின்னிருக்கு, கல்லெறிகூட வாங்கியிருக்கு. உரிஞ்சதில்ல."

"கேக்குறார்ல? வாயில என்ன ஊசியா வச்சிருக்கே?" என்றார் தையல்காரர்.

குண்டூசி அப்பாவைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. "சொல்லிடு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"ஆமா," என்றாள். "வெந்நீர்லதான் கழுவினேன்."

பெரியவர்கள் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. தையல்காரர் மட்டும் வந்த மூச்சைக் கோபமாக விட்டார். "அம்மா வர்ற வரைக்கும் இதை நீ கையால தொடக் கூடாது. பெரியப்பா சரி பண்ணிக் குடுத்தாலும் அலமாரியில வச்சுப் பூட்டிடுவேன்." குண்டூசி அழவில்லை. சட்டை நுனியை விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

உரிந்த பெயிண்டில் நகத்தளவு சில்லு ஒன்று துணியின் மடிப்பில் ஒட்டியிருந்தது. குப்பையில் போடலாம் என்று விரலால் தொட்டு எடுத்தேன். சில்லின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. ஏதோ தோன்றி மூக்கருகே கொண்டுபோனேன். என் மூட்டுவலித் தைலத்தின் வாசனை.

அந்த வாசனையை நான் தப்பாக நினைக்க வழியே இல்லை. நாலு வருடமாக வலது முழங்காலில் தேய்க்கிறேன். நான் ஓர் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் என் தைலம் நுழையும் என்று என் தங்கை கேலி செய்வாள். இவருக்கு மட்டும் அது தெரியாது. பஸ் கட்டும் பட்டறையில் தின்னரையும் பெயிண்டையும் சுவாசித்து மூக்கு செத்துப்போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

பொம்மையைச் சரிசெய்ய இவரிடம் விட்டுவிட்டு, அப்பாவும் மகளும் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்கிற வரைக்கும் வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. குண்டூசியின் செருப்பு வார் கழன்று, அதை அவள் அப்பா குனிந்து மாட்டிவிட்டார். அதனால் இன்னும் கொஞ்ச நேரம்கூடக் கிடைத்தது. சில்லை முந்தானையில் முடிந்துகொண்டு நான் "பாத்துப் போங்க" என்றேன்.

குண்டூசியின் அம்மா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். வெகு தூரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாள். போன தடவை அவள் கிளம்பியபின் குண்டூசி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தையல்காரர் இவரிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் பொம்மைக்கு மூஞ்சி மாத்துறீங்களாமே, அவங்க அம்மா மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். இவருக்கு ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட வேலை அது. கடையில் விற்கிற, கை கால் மடக்குகிற வீரர் பொம்மைகளை வாங்கி, பழைய நிறத்தை எடுத்துவிட்டு, காய்ந்தால் கல்லாக இறுகும் எபாக்ஸி மாவால் முடியையும் மூக்கையும் மாற்றி, கேட்கிறவர்களுக்குக் கேட்ட ஆளாக்கிக் கொடுப்பார்.

"கண்ணாடிப் பெட்டிக்கா, கைக்கா?" அவருடைய முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"கைக்குத்தாண்ணே. தூங்கும்போதுகூட விட மாட்டா."

கைக்கு என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற பொம்மைக்கு யார் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம் என்பார். எண்ணெய்ப் பெயிண்ட் கெட்டியானது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "பஸ்ஸுக்குத்தான் அது. இந்த மெத்துப் பிளாஸ்டிக்மேல அடிச்சா வருஷக்கணக்கா காயாம பிசுபிசுன்னு நிக்கும்" என்று தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயிண்டை எடுத்தார். தோளும் முழங்கையும் உரசுகிற இடங்களை முதலில் உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி உண்டாக்கினார். இல்லையென்றால் குழந்தை நாலு தடவை கையை மடக்கினால் அந்த இடத்தில் பெயிண்ட் போய்விடுமாம். ஒவ்வொரு நிறத்தையும் பொம்மையின் உள்ளங்காலில் தடவி, இரண்டு நாள் கழித்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தடிமனாக ஒரு பூச்சு அடிப்பதற்குப் பதிலாக மெல்லிசாக ஆறு பூச்சு, ஒவ்வொன்றும் காய ஒரு நாள், எல்லாவற்றுக்கும் மேல் மினுமினுக்காத வார்னிஷ். இத்தனைக்கும் முன்னால், அச்சிலிருந்து வந்த எண்ணெய் போக, பாத்திரம் கழுவும் சோப்பால் பொம்மையைக் குளிப்பாட்டி, குச்சியில் செருகி நிறுத்தி வைப்பார். கழுவிய பொம்மையைக் கையுறை இல்லாமல் அவரே தொட மாட்டார். "வெறும் கை பட்டாலே எண்ணெய்தான். அதுமேல பெயிண்ட் உக்காரும், பிடிக்காது" என்பார். அந்தச் சின்ன அறையை நான் ஆபரேஷன் தியேட்டர் என்றுதான் சொல்வேன். "டாக்டர் சாப்பிட வராரா?" என்று வாசலில் நின்றே கூப்பிடுவேன். அவர் சாமானை நான் தொடுவதே இல்லை என்று எனக்கும் ஒரு பெருமை.

குண்டூசியின் அம்மா பொம்மையைக் கழுவி வைத்த அன்றைக்கு இவர் அடிப்பூச்சுக்குப் பிரைமர் வாங்கப் போயிருந்தார். நான் முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டு, சன்னலைச் சாத்த அந்த அறைக்குள் போனேன். அவள் குச்சிமேல் நின்றுகொண்டிருந்தாள். நிறமே இல்லாத முகம். ஆனாலும் அந்தப் பெண் போகும்போதும் வரும்போதும் என்னிடம் "அக்கா, பாத்துக்கங்க" என்று சொல்கிற அதே வாய். கையை நீட்டிக் கன்னத்தையும் மோவாயையும் சேர்த்துப் பிடித்து, "ஏண்டி, பிள்ளைய விட்டுட்டு எப்போ வருவே?" என்று கேட்டேன். பொம்மையிடம்தான் கேட்டேன். தொட்ட பிறகுதான் கை நினைவுக்கு வந்தது. சட்டென்று முந்தானையால் கன்னத்தைத் துடைத்தேன். துடைத்தது போலத்தான் இருந்தது.

மறுநாள் பிரைமர் அடிக்கும்போது இவர், "கன்னத்துல ரெண்டு குழி விழுதே" என்று முணுமுணுத்தார். "கண்ணு போயிடுச்சு போல" என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அந்த இடத்தை நிரவி மறுபடியும் அடித்தார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "சொன்னா கேக்குறியா நீ" என்று ஒரு வார்த்தை. திரும்ப ஒரு குளியல். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தையல்காரர் வந்துபோன மறுநாள் இவர் அலமாரியிலிருந்த தன் பொம்மைகளை எல்லாம் இறக்கி வைத்து ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினார். பத்தொன்பது பொம்மை. ஒன்றில்கூடப் பெயிண்ட் அசையவில்லை. பகல் முழுவதும் அந்தச் சுரண்டல் சத்தம். பிறகு நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்.

"என் கை இல்ல. பொண்ணுதான். முதல்ல இல்லேன்னு எப்படிச் சாதிச்சா பாத்தியா? இந்த வயசுலயே பொய்."

"சின்னப் பிள்ளைன்னா அப்படித்தான்," என்றேன்.

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. அப்புறம் இரண்டு நாள் முழங்காலில் தைலம் தேய்க்கவில்லை. படியேற முடியாமல் நின்றபோது, "என்ன, மருந்து தீர்ந்துபோச்சா? சொன்னா வாங்கிட்டு வர மாட்டேனா?" என்று கேட்டார். அதற்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

மூன்றாம் நாள் ஜிப் போன ஒரு பையை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனேன். ஜிப்பெல்லாம் எனக்கே தைக்கத் தெரியும். தையல்காரர் உள்ளே யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தார். மிஷினுக்கடியில் குண்டூசி, கையில் காந்தம். என்னைப் பார்த்ததும் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள். நான் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

"அம்மா போன் பண்ணாங்களா?"

"ம். நான்தான் கழுவிட்டேன்னு சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லன்னு சொன்னாங்க. அப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

காந்தத்தில் ஒட்டியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து டப்பாவில் போட்டாள். அப்புறம் உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள். "பெரியம்மா, முத்தம் குடுத்தா பெயிண்ட் போயிடுமா?"

"என்ன கண்ணு?"

"வெந்நீர் இல்ல. தினமும் முத்தம் குடுத்தேன். அதே கன்னத்துல. பெரியப்பாகிட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வெந்நீர்னு சொன்னேன்." கொஞ்சம் யோசித்தாள். "எச்சில் பட்டிருக்கும் போல."

"முத்தத்துக்கெல்லாம் போகாது."

"அப்போ எதனால போச்சு?"

உள்ளே தையல்காரர் யாருடைய தோள் அளவையோ உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வரும் வரைக்கும் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எனக்கு எப்போதும் இப்படிக் கொஞ்சம் நேரம் கிடைத்துவிடுகிறது. பையை மிஷின்மேல் வைத்தேன்.

"வா, காட்டுறேன்," என்றேன். "தம்பி, பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்!"

"கூட்டிட்டுப் போங்கக்கா," என்றது உள்ளேயிருந்து குரல். "எதையும் தொடாம பாத்துக்கங்க."

வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். என் நடைக்காக நின்று நின்று வந்தாள். வீட்டில் இவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். குண்டூசியின் பொம்மை முகத்திலிருந்த நிறத்தையெல்லாம் எடுத்துக் கழுவி, குச்சியில் நிறுத்தி, கையுறை மாட்டி, பெயிண்ட் தெளிக்கிற ஏர்பிரஷ்ஷில் பிரைமரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அட, குண்டூசியா! வா வா. அங்கேயே நின்னு பாரு. கிட்ட வரக் கூடாது, என்ன?"

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்துவந்து, அந்த அறையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து, வலது முழங்காலில் நன்றாகத் தேய்த்தேன். குப்பியை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

"இரு, அடிக்கப் போறேன்."

நான் கையை நீட்டி, அன்றைக்குப் பிடித்தது போலவே, கட்டைவிரல் இடது கன்னத்தில் அழுந்த மோவாயோடு சேர்த்துப் பிடித்தேன்.

"ஏய், ஏய்! என்ன பண்றே? கழுவின பொம்மை!"

"அன்னிக்கும் கழுவின பொம்மைதாங்க," என்றேன். "முந்தானையால துடைச்சா போயிடும்னு நினைச்சேன்."

ஏர்பிரஷ் அவர் கையில் அப்படியே நின்றது. என் விரலைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த குப்பியைப் பார்த்தார். அலமாரியில் பத்தொன்பது பொம்மைகளும் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் விரலை எடுத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சில்லை மேசைமேல் வைத்தேன். குண்டூசி, கையைக் கட்டியபடியே, கிட்ட வரக் கூடாது என்று சொன்னதை மறந்து மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். சில்லின்மேல் மூக்கை வைத்து மோந்தாள். அப்புறம் குச்சிமேல் நின்ற அவள் அம்மாவின் கன்னத்தை மோந்தாள்.

"பெரியம்மா வாசனை," என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இவர் விளக்கை இழுத்துச் சாய்த்தார். குனிந்து, முப்பத்தோரு வருடத்தில் செத்துப்போன மூக்கைப் பொம்மையின் முகத்தருகே கொண்டுபோய், மூச்சை நீளமாக ஒருமுறை இழுத்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. குனிந்தபடியே குண்டூசியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நிறமில்லாத அந்தக் கன்னத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில், என் கட்டைவிரலின் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பளபளத்துக்கொண்டிருந்தன.