இரண்டு மகள்கள், ஒரு பந்தய உடை

காலையிலிருந்து தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீச்சல்குளத்தின் உடைமாற்றும் அறையில் பெஞ்சுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். கையில் அந்தப் பந்தய உடை. உடம்பை இறுக்கிப் பிடித்து, தண்ணீரை ஒட்டவிடாமல், நேரத்தில் ஒரு துளியை மிச்சப்படுத்தும் சனியன். ஊருக்கெல்லாம் தைத்துத் தருகிறவள், இதைப்போல ஒன்றைத் தைத்தும் பார்த்தாள். அங்கீகார முத்திரை இல்லாததைப் போடக்கூடாதென்று நடுவர்கள் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள்.

கிளப் இரவல் தந்தது இது ஒன்றுதான். மகள்கள் இருவருக்கும் ஒரே அளவு. இதுவரை பந்தயங்கள் வேறுவேறாக இருந்ததால் பிழைத்தாள். ஒருத்தி கரையேறியதும் உரித்தெடுத்து, ஈரத்தோடு இன்னொருத்தியை உள்ளே திணிப்பாள். இன்றைக்கு இருவரும் ஒரே இறுதிப் போட்டியில் வந்து நிற்கிறார்கள். அதிலும் வெறுமனே ஜெயித்தால் போதாது. குறித்த தேர்வு நேரத்துக்குள் சுவரைத் தொட்டால்தான் மாநில அணியில் இடம்.

"யாரும்மா போடுறது?" என்றாள் சின்னவள்.

"அக்கா போடட்டும். வயசு வரம்பு தாண்டப்போகுது, அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். நீ எப்படியும் வேகமா நீந்துவ. சரிக்குச் சரியாப் போயிடும்."

சின்னவள் முகம் சுருங்கியது. ஆனாலும் அக்காவின் பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன்மேல் உடையை வழுக்கவிட்டு ஏற்றியது அவள்தான். நகம் பட்டால் கிழிந்துவிடும். மூன்று பேரும் மூச்சு வாங்க மல்லுக்கட்டினார்கள்.

கேலரியில் தையல்காரியால் உட்கார முடியவில்லை. செய்தது நியாயம்தான் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். ஆனால் தினமும் விடியலில் குளக்கரையில் ஸ்டாப்வாட்சைப் பிடிப்பவளும் அவள்தானே! எதைப் போட்டாலும் பெரியவளுக்கு அந்த நேரம் எட்டாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பெற்ற மனசு கேட்கவில்லை.

தொடக்க ஒலி கேட்டதும் எல்லோரும் தண்ணீரில் பாய்ந்தார்கள். வெளுத்துப்போன பழைய உடையிலேயே சின்னவள் முதலில் சுவரைத் தொட்டாள். அரங்கமே கைதட்டியது. பலகையில் நேரம் விழுந்தது. தேர்வு நேரம் மயிரிழையில் தவறியிருந்தது. பெரியவள் நான்காவதாக வந்தாள்.

தையல்காரி உடைமாற்றும் அறைக்கு ஓடினாள். சின்னவள் அக்காவின் தோளிலிருந்து உடையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் நல்லதுன்னுதான் நெனச்சேன்டி" என்றாள் தையல்காரி.

"பழசைப் போட்டுத் தோத்திருந்தா, நல்ல டிரஸ் இல்லன்னு மனசைத் தேத்திக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள் பெரியவள். "இப்ப அவளுக்கு இடமும் போச்சு, எனக்குச் சொல்லிக்க ஒரு சாக்கும் இல்லாமப் போச்சு."

தையல்காரி உடையை வாங்கக் கை நீட்டினாள். சின்னவள் அதை அம்மாவிடம் தரவில்லை. சுருட்டித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.