ஆரஞ்சுக்கு இடம்

நாற்காலி போட ஆள் இருந்தும் பெரியவளே போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் போட்டதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். கூடத்தில் இடிக்கிறதென்று மறுபடி வாசலுக்கே தூக்கிப்போனாள். அப்பாவைக் கிடத்தியிருந்த முன்னறையில் மட்டும் சேர்ந்தாற்போல இரண்டு நிமிடம் அவளால் நிற்க முடியவில்லை. வண்டி நாலு மணிக்குத்தான் வரும். இப்போது மணி பதினொன்று.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடுகிற கட்டடத்தில் அவருக்கென்ன வேலை? நின்றுபோன இடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆக, ஊரையெல்லாம் கால் நோகாமல் மேலே அனுப்பிய மனிதர், தான் மட்டும் ஆயுசு முழுக்கப் படியேறியே காலம் தள்ளினார். பதினாலு மாடி ஏறிவிட்டு மூச்சு வாங்காமல் பேசுவார் என்பது குடும்பப் பெருமை. அதனால் அறுபத்தேழு வயதில் மலையேறக் கிளம்பியபோது யாரும் எதற்கென்று கேட்கவில்லை. செத்துப்போனார் என்றதும்தான் தெருவே கேட்டது.

"ஏறும்போதுன்னா சரி. இறங்கும்போது எப்படி?" என்று மாடிவீட்டு அம்மாள் மூன்றாவது முறையாகத் துக்கம் விசாரித்தாள்.

யாருடைய யோசனை என்பது அடுத்த கேள்வி. அதற்கு அம்மாவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், வருகிற ஒவ்வொருவரிடமும், முதலிலிருந்து.

"இவன்தான். லீவு நாள்ல சும்மா கிடந்த மனுசனைக் கிளப்பிக் கூட்டிட்டுப் போனான்."

இவன் என்றது தம்பியை. சுவரோரமாக நின்றவன் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இத்தனைக்கும் நேற்றைய பொழுது நன்றாகத்தான் போனது. மூட்டுவலி என்று அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். அப்பா முன்னால் நடந்தார்; பெரியவளும் அவள் மகளும் தம்பியும் பின்னால் வந்தார்கள். ஐம்பதடிக்கொரு தரம் நின்று பேத்திக்கு ஏதாவது காட்டினார்: ஒரு குருவி, எறும்புச் சாரை, விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு கல். "இதைப் பாரு, உங்க பாட்டி மாதிரியே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு." மேலே ஓடையில் காலை விட்டுக்கொண்டு அவித்த முட்டை தின்றார்கள். நாற்பது வயதுத் தம்பி ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து அக்காவின் கண்ணில் அடித்தான். அப்பா எல்லோருக்கும் சுளை பிரித்துக் கொடுத்துவிட்டு, தனக்கு மிஞ்சவில்லையென்று பேத்தியிடம் கையேந்தினார்.

அந்தக் கல்லருகே அவர் ஏன் நின்றார் என்பது பெரியவளுக்கு மட்டும் தெரியும். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆறு மாதமாக அப்பாவின் நெஞ்சுவலி மாத்திரை அவள் கை வழியாகத்தான் போனது. வலி வந்தால் நாக்குக்கடியில் வைத்துக்கொள்வது. வீட்டில் தெரிந்தால் தன்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று அப்பா கெஞ்சினார். மருந்துக்கடைக்காரி செய்யவே கூடாத காரியத்தை அவள் செய்தாள். மாத்திரையைக் காலி வைட்டமின் பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள்.

நேற்று இறங்கும்போது அப்பா உட்கார்ந்து பையைத் துழாவினார். பிறகு அவள் துழாவினாள். கடைசியில் எல்லாவற்றையும் பாதையில் கொட்டினாள். பாட்டில் இல்லை. மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

தம்பி மறுபடி தலை குனிந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. சொல்லிவிடுவது, நடப்பது நடக்கட்டும். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். இவளும் பின்னாலேயே போனாள்.

"அம்மா, தம்பியத் திட்டாத. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மா அலமாரியைக் காட்டினாள்.

"அந்த வைட்டமின் பாட்டில எடுத்துட்டுப் போயிடுடி. கண்ணுல படுறப்பல்லாம் என்னவோ பண்ணுது. நேத்து காலைல பை மூட மாட்டேன்னுச்சு. ஒரு நாள் வைட்டமின் திங்காட்டி என்ன குடியா முழுகிடும்னு எடுத்து வெளியில வச்சிட்டு, இன்னும் ரெண்டு ஆரஞ்சைச் சொருகினேன். தின்னாரா?"

பெரியவள் பாட்டிலை எடுத்தாள். உள்ளே மாத்திரை உருண்டது. அது சத்தம் போடாமலிருக்க விரல்களால் இறுக்கிப் பிடித்தாள்.

"தின்னாரும்மா."

"நீ என்னமோ சொல்ல வந்தியே."

"ஒண்ணுமில்ல. நாற்காலி பத்தல."

கொல்லைக் குழாயடியில் தம்பியைப் பிடித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலையும் காட்டினாள். அவன் அதை வாங்கவில்லை.

"ஆறு மாசமா தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அவன் குழாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"இது நெஞ்சுவலி மாத்திரைன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா உன்னை இப்படிப் போட்டு வறுத்தெடுக்கிறாங்களேடா."

"என்னையே திட்டட்டும்." முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். "எனக்கென்ன, புதுசா?"

வாசலில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. அப்பா வேலை பார்த்த கம்பெனியிலிருந்து நாலைந்து பேர். அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள். தம்பி உள்ளே போய் அவள் எதிரிலேயே நின்றான்.

"ஆமாம்மா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"கேட்டுக்குங்க, அவனே சொல்றான்," என்றாள் அம்மா. அவன் சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. திட்டுவதை நிறுத்தாமலே அவள் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியான துளையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு எட்டும்படி அவன் கொஞ்சம் குனிந்து கொடுத்தான்.