வெயிலில் இறங்கும் கார்

பிரபுவின் கார் வெயில் நாட்களில் தினம் ஒரு விரற்கடை தரைக்குள் இறங்கியது. சித்திரை பத்தாம் தேதி டயர்கள் தார்ச்சாலையில் பாதிவரை புதைந்திருந்தன. மாதக் கடைசியில் கதவுகளும் பாதி உள்ளே போயின. ஓடுவதில் குறையில்லை. வண்டி போகுமிடத்தில் சாலை விலகியது, போன பிறகு மூடிக்கொண்டது. மரக்காணத்தில் முதல் வாரம் ஊரார் நின்று பார்த்தார்கள். இரண்டாம் வாரம், ஸ்பீட் பிரேக்கரில் இடிக்காமல் போகும் வசதியைப் பற்றிப் பேசினார்கள்.

பிரபு திண்டிவனத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்தான். மாசியில் தன் பழைய வெள்ளைக் காருக்குப் பதினேழு அங்குல அலாய் வீல் மாட்டினான். மாட்டிய பிறகு டயருக்கு மேலே இருந்த நான்கு விரல் இடைவெளி அவன் கண்ணை உறுத்தியது. மெக்கானிக் கார்த்திகேசன் நான்கு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டி வண்டியை இறக்கினான். "ஒரு வெரல் கேப்புதான் வுட்டுருக்கேன். இதுக்கு மேல எறக்குனா நீ ரோட்ல உக்காந்துதான் ஓட்டணும்" என்றான். இடப்பக்கம் தாழ்ந்திருப்பதாகப் பிரபுவுக்குப் பட்டது. கார்த்திகேசன் டேப்பால் அளந்து காட்டினான். உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவர்கள் மட்டம் பார்க்க டேப்பை நம்புவதில்லை. அப்பா கலியனின் உப்புப் பாத்தி ஒன்று காலியாக இருந்தது. பிரபு காரை அதில் நிறுத்தி, அடிவிளிம்பைத் தொடும்வரை உவர்நீர் விட்டான். நீர் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொட்டது. மட்டம் சரி. அப்போதே எடுத்திருக்கலாம். ஆனால் நீர் விட்ட பாத்தியை உப்பு வாராமல் கலைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கலியன் மடையைத் திறக்க விடவில்லை. கார் பதினெட்டு நாள் அங்கேயே நின்றது. பாத்தி நீர் வெயிலில் இறங்குவதுபோல் இறங்க அது அங்கேதான் கற்றுக்கொண்டது. மழை பட்டால் ஏறும் என்பது பங்குனித் தூறல் ஒன்றில் தெரிந்தது. வேறு ஸ்பிரிங் மாட்டியும் பயனில்லை.

வைகாசிக் கடைசியில் பிரபுவுக்குக் கல்யாணம். பெண் பிரம்மதேசத்துச் சந்தியா. பெண்ணழைப்புக்குத் தன் காரில் வருவதாகச் சொல்லியிருந்தான். கார் தரைக்குள் இறங்கும் சேதி கேள்விப்பட்டு அவள் போன் செய்தாள்.

"ஏறிப் போற வண்டின்னா வர்றேன். குழிக்குள்ள எறங்கிப் போற வண்டின்னா வேற பொண்ணப் பாத்துக்குங்க."

"அன்னிக்கு மட்டும் வாடகை வண்டி எடுத்துக்கலாம்."

"அப்புறம் காலத்துக்கும் இதுலதான போவணும்?"

இரண்டு நாள் நல்ல மழை பெய்தால் கார் மேலே வந்துவிடும். "இரும்ப ஊரு செவன் கோயில்ல போயி மழைக்கு வேண்டிக்கடா. மூணாம் நாளு பெய்யும்" என்றான் கார்த்திகேசன். பாத்திகளில் உப்பு பூத்திருக்கும் அந்த மாதத்தில் மழை வேண்டும் என்று மரக்காணத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரபு கோயில் வாசல்வரை போய்த் திரும்பினான்.

பெண்ணழைப்பன்று பிரம்மதேசத்துத் தெருவில் காரின் கூரை மட்டும் தகரத் தகடுபோலத் தெரிந்தது. பிரபு கதவைத் திறந்தான், மண் ஒதுங்கி இடம் விட்டது. மார்பளவு தரைக்குள் நின்றான். சந்தியா பட்டுச்சேலையோடு வந்து பார்த்தாள்.

"மழைக்கு வேண்டிக்கச் சொன்னாங்களாமே. வேண்டுனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"உங்கம்மா வேல செய்யிற பாத்தியில உப்பு கெடக்குதே. வாரி முடிக்க இன்னும் நாலு நாளு ஆவும்."

அவள் அம்மா சுலோசனா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தியா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இறங்கினாள்.

"ஏசிய அமத்துங்க. மண்ணே குளுராத்தான் இருக்குது."

கல்யாணம் நடந்து மூன்று வருடமாகிறது. கோடையில் அவர்கள் சாலைக்கு அடியில் போகிறார்கள், மேலே பஸ்கள் போகின்றன. ஐப்பசி மழையில் கார் எல்லாக் கார்களையும்போலத் தரைமேல் நிற்கிறது. அந்த உயரம் பழகச் சந்தியாவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது.